கடைக்காலும் நிலநடுக்கமும்: வாசகர் கேள்வி–பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வீடு கட்டுவது பற்றி வந்த கடிதங்களில், நிலநடுக்கத்தைத் தொட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரு கட்டமைப்புப் பொறியாளரும் ஒரு மண் பரிசோதனைப் பொறியாளரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

2021 கடைசியில் எங்கள் ஊரில் வீடு அதிர்ந்து பாத்திரங்கள் உருண்டன. இப்போது புது வீடு தொடங்குகிறோம். கடைக்காலை 5 அடிக்குப் பதில் 8 அடி தோண்டினால் பூகம்பத்தைத் தாங்குமா?
— வாசகர், பேரணாம்பட்டு

5 அடியிலேயே கெட்டி மண் கிடைத்துவிட்டால், மேற்கொண்டு தோண்டும் 3 அடி வீண் செலவு. கடைக்காலின் ஆழம் கட்டடத்தின் எடையை நல்ல மண்ணில் இறக்குவதற்கு. பூகம்பத்தின் வேலை வேறு. அது தரையைப் பக்கவாட்டில் இழுக்கிறது. கடைக்கால் மண்ணோடு போகிறது. மேலே இருக்கும் சுவரும் தளமும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. இந்த இழுபறியில்தான் வீடு உடைகிறது. எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருந்தாலும் மேலே உள்ள எடை குறையப் போவதில்லை.

2021 நவம்பர் 29 அதிகாலையில் உணரப்பட்டது ரிக்டரில் 3.6. டிசம்பரில் வந்தது 3.5. பாத்திரத்தை உருட்டும், காரையில் மயிரிழை விரிசல் விடும், அவ்வளவுதான். 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கம் கில்லாரி என்ற ஊரைத் தரைமட்டமாக்கியது சுமார் 6.2. 3.5ஐ விட அதன் ஆற்றல் ஏறத்தாழ 11,000 மடங்கு. ஆகவே 2021இல் வீடு தப்பியது என்பதை வீட்டுக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லாத்தூரை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அப்போதைய வரைபடத்தில் அந்த ஊர் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. நம்மைப் போலவே பழங்காலப் பாறைத் தட்டின் மேல் உள்ள பகுதி. இங்கே என்ன வரும் என்று யாரும் எதிர்பார்க்காத இடம். ஐ.எஸ். 1893 என்ற இந்திய நிலநடுக்க விதித்தொகுப்பு 1962இல் முதலில் வந்தது. 2002 திருத்தத்தில் முதல் மண்டலத்தையே நீக்கிவிட்டு இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்களாக்கினார்கள். சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. வேலூரும் அந்தப் பட்டியலில் மூன்றாம் மண்டலம்தான். எதிர்பார்க்கும் குலுக்கலின் அளவைக் குறிக்கும் மண்டல எண் இதற்கு 0.16.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்கு. வீட்டின் மொத்த எடை 100 டன் என்று வைத்துக்கொள்வோம். கம்பி எதுவும் இல்லாத வெறும் செங்கல் சுவர் வீடென்றால் சுமார் 13 டன் பக்கவாட்டு விசையைத் தாங்கும்படி வடிவமைக்க வேண்டும். சாதாரண கான்கிரீட் தூண் சட்டகம் என்றால் 6.7 டன். வளைந்து கொடுக்கும்படி தூண் கம்பிகளைச் சுற்றி நெருக்கமாக ரிங் (வளையக் கம்பி) கட்டிய சட்டகம் என்றால் 4 டன் போதும். பூகம்பம் ஒன்றுதான். ஆனால் வளையத் தெரிந்த வீடு ஆற்றலைத் தன் கம்பிகளில் செலவழித்துவிடும் என்பதால் விதி அந்தச் சலுகையைத் தருகிறது. வரைபடத்தில் 4 டன் சலுகையை எடுத்துக்கொண்டு, வேலையில் ரிங்கைக் கோட்டை விடுவதுதான் நம் ஊர் வழக்கம். கீழே காட்பாடி வாசகிக்கான பதிலில் அதை விரிவாக எழுதியிருக்கிறோம்.

பூகம்பம் தாங்கும் அஸ்திவாரம் என்ற யோசனை எப்போது தொடங்கியது? ஜப்பான்காரர்கள்தான் கண்டுபிடித்தார்களா?
— கல்லூரி மாணவி, வாலாஜாபேட்டை

யோசனை பழையது. இன்றைய துருக்கியில் இருந்த எபேசு நகரின் ஆர்ட்டெமிஸ் கோயிலைச் சதுப்பு நிலத்தில் கட்டினால் நிலநடுக்கம் தாக்காது என்று நம்பி, அடியில் மிதித்து இறுக்கிய கரியும் அதன் மேல் ஆட்டு ரோமமும் பரப்பினார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்து வைத்திருக்கிறார். அந்த நம்பிக்கை தவறு. சதுப்பு நிலம் அதிர்வைப் பெருக்கும். ஆனால் தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே எதையாவது வைத்து இரண்டையும் பிரிக்கலாம் என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது.

நவீன வரலாற்றில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று, வீட்டைத் தரையிலிருந்து அறுத்துவிடு என்பது. மற்றது, வீட்டின் எல்லா உறுப்பையும் கடைக்காலோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டு என்பது. 1870இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஜூல்ஸ் துவாயோன் என்பவர் முதல் வழிக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். குழிந்த தட்டுகளுக்கு நடுவே உருண்டைகள், அதன் மேல் வீடு. ஜப்பானில் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் ஜான் மில்ன் 1880களில் டோக்கியோவில் இதைக் கட்டியே பார்த்தார். முளைக்கம்பங்களின் தலையில் வார்ப்பிரும்புத் தட்டு, அதில் 10 அங்குல உருண்டை, மேலே மர வீடு. தரை ஆடியபோது வீடு குறைவாகத்தான் ஆடியது. ஆனால் காற்றடித்தாலும் நகர்ந்தது! உருண்டையை 8 அங்குலமாக்கினார், 1 அங்குலமாக்கினார், கடைசியில் கால் அங்குலக் குண்டுகளைப் பரப்பி உராய்வைக் கூட்டிய பிறகுதான் காற்றுக்கு நின்றது. பூகம்பத்துக்கு நகர வேண்டும், காற்றுக்கு நகரக் கூடாது. இந்த முதல் வழி அடுத்த 90 ஆண்டுகள் தேங்கிப் போனதற்கு இந்தச் சிக்கல்தான் காரணம்.

1908 டிசம்பர் 28 அன்று இத்தாலியின் மெசினா நகரம் அழிந்தது. அரசு அமைத்த குழு இரண்டு வழிகளையும் எடைபோட்டது. மணல் படுகையிலோ உருளையிலோ வீட்டை நிறுத்துவது ஒன்று. உயரத்தைக் கட்டுப்படுத்தி, கீழ்த்தளத்தை எடையில் 12இல் 1 பங்கு, மேல்தளத்தை 8இல் 1 பங்கு பக்கவாட்டு விசைக்குக் கட்டுவது மற்றொன்று. குழு இரண்டாவதைப் பரிந்துரைத்தது. எண்ணைச் சொல்லிப் பக்கவாட்டு விசையைக் கணக்கிடும் பழக்கம் அங்கேதான் விதியாகிறது. ஜப்பான் 1924இல் 10இல் 1 பங்கு என்று சட்டமாக்கியது. மெசினா அழிந்த மறு ஆண்டான 1909இல் கலந்தாரியன்ட்ஸ் என்ற மருத்துவர் இங்கிலாந்தின் ஸ்கார்பரோவிலிருந்து, டால்க் அல்லது நுண்மணல் படுகை மேல் வீடு வழுக்கட்டும் என்று காப்புரிமைக்கு எழுதினார். எரிவாயுக் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அறாமலிருக்க வளையும் இணைப்பையும் அதில் வரைந்து வைத்திருந்தார். பொறியாளர்களே மறக்கும் இடத்தை ஒரு மருத்துவர் யோசித்திருக்கிறார்.

டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலின் புகழைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். மேலே சுமார் 8 அடிக்குச் சற்று உறுதியான மண், அதன் கீழே 60 அடிக்கு மேல் சேறு. வடிவமைத்த பிராங்க் லாய்ட் ரைட், 8 அடி நீளமுள்ள குட்டைத் தூண்களை நெருக்கமாக இறக்கி, கட்டடம் சேற்றில் கப்பல்போல் மிதக்கும் என்றார். திறப்பு விழா நாளான 1923 செப்டம்பர் 1 அன்றே பெரும் கான்டோ பூகம்பம் வந்தது. கட்டடம் நின்றது, புகழும் நின்றது. ஆனால் அந்த நகரத்தில் நின்ற கட்டடம் அது ஒன்றுதான் என்பது உண்மையில்லை. வழக்கமான ஆழக் கடைக்காலில் நின்ற வேறு நல்ல கட்டடங்களும் தப்பின. ஹோட்டலோ பிந்தைய ஆண்டுகளில் சேற்றில் ஏறுமாறாக இறங்கிக்கொண்டே போய், 1968இல் இடிக்கப்பட்டது.

முதல் வழிக்கு மறுவாழ்வு கொடுத்தது ரப்பர். 1963 பூகம்பத்தில் அழிந்த, இன்றைய வடக்கு மாசிடோனியாவின் ஸ்கோப்யே நகரில் 1969இல் பெஸ்டலோசி பள்ளியை ரப்பர் கட்டைகளின் மேல் நிறுத்தினார்கள். அது உள்ளே தகடு இல்லாத வெறும் ரப்பர், ஆகவே பாரத்தில் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டது. ரப்பர் தாள்களுக்கு நடுவே எஃகுத் தகடுகளை ஒட்டி வேகவைத்தால் புடைப்பு நிற்கும், பக்கவாட்டு இளக்கம் மட்டும் இருக்கும். நியூசிலாந்தின் பில் ராபின்சன் 1970களின் நடுவில் அதன் நட்டநடுவே ஓர் ஈயத் தண்டைச் செருகினார். மில்னைத் தடுத்த சிக்கல் அங்கேதான் தீர்ந்தது. காற்றின் சிறு விசைக்கு ஈயம் அசையாது. பூகம்பத்துக்கு இளகி, ஆற்றலை வெப்பமாக்கும். வெலிங்டனில் 1981இல் முடிந்த வில்லியம் கிளேட்டன் கட்டடம் இதில் முதலாவது. அமெரிக்காவில் 1985இல் முதல் கட்டடம் வந்தது. நம் நாட்டில் லாத்தூர் பூகம்பத்துக்குப் பிறகு, புதிய கில்லாரியில் ஒரு பள்ளியும் ஒரு கடைக் கட்டடமும் ரப்பர் மேல் எழுந்தன. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் இடிந்த புஜ் மருத்துவமனை, 300 படுக்கைகளோடு ஈய–ரப்பர் தாங்கிகள் மேல் 2004இல் திறக்கப்பட்டது.

அப்படியானால் என் இரண்டு மாடி வீட்டுக்கும் ரப்பர் தாங்கி போடலாமே?
— வாசகர், ஆரணி

வேண்டாம். தாங்கியின் விலை ஒருபுறம் இருக்கட்டும். அதன் மேலும் கீழும் தனித்தனியே உத்திர வலை வேண்டும். வீட்டைச் சுற்றி ஓர் அடிக்குக் குறையாத வெற்று இடைவெளி வேண்டும். தண்ணீர், சாக்கடைக் குழாய்கள் எல்லாம் அந்த இடைவெளியில் வளைய வேண்டும். 10 ஆண்டுகளில் யாராவது அந்த இடைவெளியில் மண்ணைக் கொட்டி டைல்ஸ் ஒட்டிவிட்டால், வீடு நகர இடமில்லாமல் தாங்கி செயலற்றுவிடும். ஆழமான களிமண்ணில் இந்த முறையே ஆபத்து. ரப்பர் வீட்டின் ஆட்ட நேரத்தை 2, 3 விநாடிக்கு நீட்டுகிறது. 1985இல் மெக்சிகோ நகரத்து ஏரிக் களிமண் அதே 2 விநாடி தாளத்தில்தான் ஆடியது. இரண்டும் சேர்ந்தால் ஆட்டம் பெருகும். மூன்றாம் மண்டலத்துச் சிறு வீட்டுக்கு, கட்டிப் பிணைப்பதே சரியான வழி.

ராமப்பா கோயில் மணல் பெட்டி மேல் நிற்கிறது என்கிறார்கள். நாங்களும் தூணுக்கு அடியில் 2 அடி மணல் கொட்டிவிட்டு ஃபுட்டிங் (தூணைத் தாங்கும் கான்கிரீட் பாதம்) போடலாமா?
— வாசகர், ராணிப்பேட்டை

தெலங்கானாவின் பாலம்பேட்டையில் 1213இல் காகதியர் காலத்தில் எழுந்த கோயில் அது. 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. குழியை மணலால் நிரப்பி அதன் மேல் கல்லை ஏற்றினார்கள் என்பது சரி. ஆனால் அந்த மணல் நான்கு பக்கமும் சிறைபட்டது. பக்கவாட்டில் பிதுங்க வழியில்லாத மணல், இறுகியபின் பாரத்தை நன்றாகத் தாங்கும். அதே கோயிலில் விமானத்துக்கு நீரில் மிதக்கும் அளவு இலேசான செங்கல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் பக்கத்து ராஜகோபுரங்களிலும் கீழ்நிலை கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். உச்சியில் எடை குறைந்தால் பூகம்ப விசையும் குறையும். கோயில்கள் நிற்பதில் மணலுக்கு உள்ள பங்கை விட இதற்கு உள்ள பங்கு பெரிது என்பது எங்கள் கருத்து.

உங்கள் வீட்டுத் தூணுக்கு அடியில் கொட்டப் போகும் மணல் சிறைபட்டதல்ல. மழைக்காலத்தில் பக்கத்தில் யாராவது போர் போட்டாலோ, சாக்கடைக் குழி தோண்டினாலோ மணல் நகரும். ஒரு தூண் மட்டும் இறங்கும். ஃபுட்டிங்குக்கு அடியில் கெட்டி மண்ணின் மேல் 10 செ.மீ. கனத்தில் 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் போதும். மணலைப் பேஸ்மட்டத்துக்குள் நிரப்பப் பயன்படுத்துங்கள். அதையும் 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, நீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும்.

மணல் மேல் வழுக்கும் வீடு என்பதற்குத் தற்செயலான சாட்சியங்கள் உண்டு. 1930 துப்ரி (அசாம்), 1934 பிகார் பூகம்பங்களில், பேஸ்மட்டத்துக்கு மேல் சுவர் நகர்ந்த சில செங்கல் வீடுகள் மற்றவற்றைவிடக் குறைவாகச் சேதமடைந்தன. ரூர்க்கியில் ஆனந்த் ஆர்யாவும் மற்றவர்களும் பின்னர் இதை ஆய்வு செய்தார்கள். ஆனால் வழுக்கிய வீடு வழுக்கிய இடத்தில்தான் நிற்கும், தானாகத் திரும்பி வராது.

ரயில்வேயில் பழைய தண்டவாளத்தை வைத்துப் பூகம்ப வீடு கட்டினார்கள் என்று பணியில் இருந்தபோது கேள்விப்பட்டேன். உண்மையா?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ஜோலார்பேட்டை

உண்மை, பெருமைக்குரிய உண்மையும்கூட. 1931 ஆகஸ்ட் மாதம், இன்று பாகிஸ்தானில் உள்ள பலுச்சிஸ்தானத்தின் மச் என்ற ஊரைத் தாக்கிய பூகம்பத்துக்குப் பிறகு, எஸ்.எல். குமார் என்ற இளம் ரயில்வே பொறியாளர் குவெட்டாவில் ஊழியர் குடியிருப்புகளை வடிவமைத்தார். தண்டவாள இரும்பைச் செங்கல் சுவருக்குள் நிறுத்திப் பிணைத்து, எடையில் 10இல் 1 பங்கு பக்கவாட்டு விசைக்குக் கணக்கிட்டார். இந்தியாவின் நிலநடுக்க மண்டல வரைபடத்தையும் அவரே வரைந்து வெளியிட்டார். 1935 மே 31 அதிகாலையில் குவெட்டா தரைமட்டமானது. அந்தக் குடியிருப்புகள் நின்றன. இதன் பிறகுதான், செங்கல் சுவருக்குள் இடைவெளி விட்டுச் செங்குத்துக் கம்பி இறக்கிக் கலவை நிரப்பும் ‘குவெட்டா பாண்டு’ கட்டுமானமும் பெயர்பெற்றது. 1967இல் வந்த ஐ.எஸ். 4326 விதித்தொகுப்பில் இருக்கும் பெல்ட் (சுவர் நெடுக ஓடும், கம்பி போட்ட கான்கிரீட் பட்டை), மூலைக் கம்பி எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

ஆற்றங்கரையை ஒட்டி மனை வாங்கியிருக்கிறோம். பாலாற்று மணல் பூமி. பூகம்பம் வந்தால் மணல் தண்ணீராகிவிடும் என்கிறார்களே?
— வாசகர், ஆற்காடு

அதற்கு மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும்: மணல் தளர்வாக இருக்க வேண்டும், நுண்ணியதாகவோ நடுத்தரமாகவோ இருக்க வேண்டும், நிலத்தடி நீரில் முழுக்க ஊறியிருக்க வேண்டும். குலுக்கலில் மணல் நெருங்கப் பார்க்கும், நடுவிலுள்ள நீர் வெளியேற நேரமில்லாமல் அழுத்தம் ஏறும், மணிகள் ஒன்றையொன்று தொடாமல் மிதக்கும். 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சுவர் உடையாமலே மல்லாந்து சாய்ந்தன. 1934இல் பிகாரில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளப் பட்டையில் வீடுகள் மண்ணில் இறங்கின.

பாலாறு பெரும்பாலும் வறண்டு கிடப்பது இந்த விஷயத்தில் மட்டும் நமக்குச் சாதகம். பருமணல் என்றாலும் ஆபத்து குறைவு. ஆனால் 2021 நவம்பர் வெள்ளம்போல் ஆறு ஓடும் பருவத்தில் கரையோர நீர்மட்டம் மேலே வந்துவிடும். கோடையில் தோண்டிப் பார்த்து, தண்ணீர் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

மண் பரிசோதனை செய்யுங்கள். 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விடுவார்கள். முதல் 15 செ.மீ. இறக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறதோ அதுதான் ‘என்’ (N) மதிப்பு. நீரில் ஊறும் மணலுக்கு மூன்றாம் மண்டலத்தில் திருத்திய மதிப்பு 5 மீட்டர் ஆழம் வரை 15ம், 10 மீட்டரில் 25ம் இருப்பது விரும்பத்தக்கது என்கிறது விதி. அறிக்கை வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: துளை குறைந்தது 10 மீட்டர் போனதா, ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் ‘என்’ மதிப்பு இருக்கிறதா, நீர்மட்டத்தோடு பரிசோதனை செய்த தேதியும் எழுதியிருக்கிறதா. இவை இல்லாத அறிக்கை ஒரு காகிதம், அவ்வளவே.

‘என்’ மதிப்பு 10க்குக் கீழே என்றால் தனித்தனி ஃபுட்டிங் வேண்டாம். சிறு வீட்டுக்கு, தளர்ந்த மணல் 2 மீட்டருக்குள் முடிந்தால் அதை அகற்றி, சரளையை அடுக்கடுக்காக இறுக்கி, அதன் மேல் ராஃப்ட் (வீடு முழுவதற்கும் ஒரே கான்கிரீட் பலகை) போடலாம். அதற்கும் கீழே போனால் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்). பைலில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கம்பிக் கூட்டை மேல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மணல் இளகினால் பைலுக்குப் பக்கத்துணை போய்விடும், கம்பியில்லாத இடத்தில் ஒடியும். கூடு அடி வரை போக வேண்டும்.

9க்கு 12 அங்குலத் தூண், மொத்தம் 9 ஃபுட்டிங், தரைத்தளமும் ஒரு மாடியும். பேஸ்மட்ட பெல்ட் வீண் செலவு, கருங்கல் கட்டே போதும் என்கிறார் மேஸ்திரி. பொறியாளர் பெல்ட் வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, காட்பாடி

பொறியாளர் சொல்வது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீளமாகவே எழுதுகிறோம், ஏனென்றால் நம் பக்கம் இன்று எழும் வீடுகளில் பாதி இந்த வகை.

தனித்தனி ஃபுட்டிங்குகள் பூகம்பத்தில் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நகர்வதில்லை. ஒன்று பாறையில், ஒன்று செம்மண்ணில் என்றால் கேட்கவே வேண்டாம். அவற்றை இணைக்கும் உத்திரம் 4, 5ஆம் மண்டலங்களில் கட்டாயம். நம் மூன்றாம் மண்டலத்தில் மண் மென்மையாக இருந்தால் அதை விட்டுவிட விதி இடம் தருவதில்லை. கருங்கல் கட்டு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. 9க்கு 12 அங்குல பெல்ட், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக 12 மி.மீ. கம்பி, 8 மி.மீ. ரிங். தூணை ஒட்டிய இரண்டடிக்கு ரிங் 4 அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் 6 அங்குலத்துக்கு ஒன்று. பெல்ட் கம்பி தூண் கம்பிகளுக்கு உள்ளே புகுந்து போக வேண்டும், வெளியே உரசிக்கொண்டு போகக் கூடாது. மூலையில் எல் வடிவில் மடங்கி அடுத்த சுவருக்குள் ஓட வேண்டும். மூலையில் வெறுமனே முடித்த பெல்ட், முடிச்சுப் போடாத கயிறு.

அடுத்தது தூண். 2016இல் திருத்திய ஐ.எஸ். 13920 விதித்தொகுப்பு, பூகம்பச் சட்டகத் தூணுக்குக் குறைந்தபட்சப் பக்கம் 300 மி.மீ. என்கிறது. உங்கள் 9 அங்குலம் 230 மி.மீ. இன்னும் குழி தோண்டவில்லை என்றால் 12க்கு 12 ஆக மாற்றுங்கள். கான்கிரீட் சற்றுக் கூடும், சுவர் மூலையில் 3 அங்குலம் நீட்டிக்கொண்டு தெரியும். தெரியட்டும்.

ரிங்கில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன. முனை 90 பாகையில் மடக்கியிருந்தால், வெளிக் கான்கிரீட் உதிர்ந்தவுடன் ரிங் வாய் பிளந்துவிடும், நெட்டுக் கம்பி பிதுங்கும், தூண் நொறுங்கும். 135 பாகைக்கு, அதாவது தூணின் வயிற்றுக்குள் குத்தும்படி மடக்க வேண்டும். மடிப்புக்குப் பிறகு 65 மி.மீ.க்குக் குறையாத வால் வேண்டும். 3 அங்குலம் என்று கம்பி வளைப்பவரிடம் சொல்லிவிடுங்கள், சரியாக வரும். கொக்கிகள் ஒரே மூலையில் வராமல் ரிங்குக்கு ரிங் மாறி வர வேண்டும். ஃபுட்டிங்குக்கு மேலும் ஒவ்வொரு தளத்தின் அடியிலும் தலையிலும் இடைவெளி 3 அங்குலத்துக்கு மேல் போகாமல் கட்டுங்கள்.

ஃபுட்டிங்குக்குள் ரிங் போடுவதே இல்லை என்பது இன்னொரு வழக்கம். நெருக்க ரிங் ஃபுட்டிங்குக்குள் 300 மி.மீ. வரை இறங்க வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு மண்ணை மூடிவிடுவார்கள், யாருக்கும் தெரியாது. ஆகவே ஜல்லி கொட்டும் முன் நீங்களே குழியில் எட்டிப் பாருங்கள். தூண் கம்பி அடியில் எல் ஆக மடங்கி வலைக்கம்பி மேல் உட்கார்ந்திருக்கிறதா, வலைக்கு அடியில் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் 50 மி.மீ. கவர் கட்டை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உடைந்த செங்கல் துண்டு கவர் கட்டை ஆகாது, அது நீரை உறிஞ்சிக் கம்பியைத் துருவாக்கும்.

கம்பி ஒட்டு போடும் இடம் அடுத்த சண்டை. தளத்துக்கு மேல் 2 அடி நீட்டிவிட்டு அங்கேயே அடுத்த கம்பியை ஒட்டுவது மேஸ்திரிக்கு வசதி. பூகம்பத்தில் தூண் அதிகம் வளைவது அதே இடத்தில்தான். ஒட்டு தூண் உயரத்தின் நடுப் பாதிக்குள் வர வேண்டும். கம்பியை நீளமாக நிறுத்திச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று முணுமுணுப்பார்கள்.

கலவை: ஒரு மூட்டை சிமென்டுக்கு 1.25 கன அடிப் பெட்டியால் எம்-சாண்ட் ஒன்றரைப் பெட்டி, முக்கால் அங்குல ஜல்லி மூன்று பெட்டி, தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேலூர் வெயிலில் கலவை இறுகுகிறது என்று கூடுதலாக ஒரு வாளி ஊற்றுவதைத் தடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் 10 நாள் ஈரச் சாக்கு சுற்றி வையுங்கள். காலையும் மாலையும் குழாயால் தெளித்துவிட்டுப் போவது நீராட்டல் ஆகாது, நண்பகலிலேயே காய்ந்துவிடும்.

தாத்தா காலத்து ஓட்டு வீடு, மண் கலவையில் கருங்கல் சுவர், ஒன்றரை அடிக்கு மேல் கனம். கனமாக இருப்பதால் பயமில்லை என்கிறார் அப்பா.
— வாசகர், அணைக்கட்டு

கில்லாரியில் மக்களைக் கொன்றவை இதே மாதிரிச் சுவர்கள்தான். வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உள்பக்கம் ஒரு வரிசை, நடுவில் மண்ணும் சில்லும். இரண்டு வரிசையையும் இணைக்கும் ஊடுகல் இல்லை என்றால் குலுக்கலில் சுவர் இரண்டாகப் பிளந்து, வெளிவரிசை தெருவிலும் உள்வரிசை வீட்டுக்குள்ளும் விழும். கனம் கூடக்கூட விசையும் கூடும். நல்லவேளையாக உங்களுடையது ஓட்டுக் கூரை, கில்லாரியில் கூரை மேல் அடி கணக்கில் மண் கிடந்தது.

சுவரை இடிக்காமல் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, உயரத்தில் 2 அடிக்கு ஒன்று, நீளத்தில் 4 அடிக்கு ஒன்று வீதம் கற்களை மெதுவாகப் பெயர்த்து ஊடுதுளை எடுங்கள். இருமுனையும் கொக்கியான 8 மி.மீ. கம்பியை அதில் வைத்துக் கான்கிரீட் நிரப்புங்கள். கடப்பாரையால் நெம்ப வேண்டாம், சுத்தியலால் ஓங்கி அடிக்கவும் வேண்டாம். ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளை எடுக்காதீர்கள். இரண்டு, ஓட்டைப் பிரிக்கும்போது சுவர்த் தலையில் நான்கு பக்கமும் அறுபடாமல் ஒரு பெல்ட் போடுங்கள். 10 மி.மீ. இரண்டு கம்பி என்றால் 75 மி.மீ. கனம், நான்கு கம்பி என்றால் 150 மி.மீ., 6 மி.மீ. இணைப்புக் கம்பி 6 அங்குலத்துக்கு ஒன்று. வாரையையும் உத்திரத்தையும் அதில் போல்ட்டால் பிடித்துவிடுங்கள்.

மலைச்சரிவில் மனை. மேல்பக்கம் பாறை தட்டுகிறது, கீழ்ப்பக்கம் மண் நிரப்பிச் சமப்படுத்தியிருக்கிறோம். எல்லா ஃபுட்டிங்கையும் ஒரே மட்டத்தில் போடலாமா?
— வாசகர், ஏலகிரி

கூடாது. நிரப்பிய மண்ணில் ஒரு ஃபுட்டிங்கூட உட்காரக் கூடாது. கீழ்வரிசைத் தூண்களை நிரப்பு மண்ணைத் தாண்டி இயற்கை மண்ணுக்கோ பாறைக்கோ இறக்குங்கள். அப்படிச் செய்தால் கீழ்வரிசைத் தூண் நீளம், மேல்வரிசைத் தூண் குட்டை. குட்டைத் தூண் விறைப்பு அதிகம் என்பதால் பூகம்ப விசையில் பெரும்பங்கை அதுவே இழுத்துக்கொண்டு முதலில் உடையும். ஆகவே மேல்வரிசைக் குட்டைத் தூண்களுக்கு அடி முதல் தலை வரை நெருக்க ரிங். கீழ்வரிசை நெடுந்தூண்களை நடு உயரத்தில் ஒரு பெல்ட்டால் இரு திசையிலும் இணைத்துவிடுங்கள். மழைநீர் நிரப்பு மண்ணுக்குள் இறங்காமல் மேல்பக்கத்திலேயே வாய்க்கால் வெட்டித் திருப்புவதை வீட்டு வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.